கல்வாழை பெட் போடப் போறீங்களா? கல்லுல குடியேறப் போற நுண்ணுயிர்களுக்கு இடம் பண்ணிக் கொடுக்குறது எப்படி

செப்டிக் டேங்க்ல இருந்து வெளிய வர்ற தண்ணிய ஜல்லியும் செடியும் இருக்கற ஒரு தொட்டி (இதத்தான் பெட்னு சொல்றோம்) வழியா விட்டு சுத்தம் பண்ணி தோட்டத்துக்குப் பாய்ச்சலாம்னு கேள்விப்பட்டு இப்ப நிறைய பேர் விசாரிக்கிறாங்க, ரொம்ப சந்தோஷமான விஷயம். கேக்குற முதல் கேள்வி பெரும்பாலும் "என்ன செடி வைக்கலாம்?"தான். கல்வாழை வைங்க, சம்பு வைங்க, வெட்டிவேர் வைங்க, எது வச்சாலும் ஓடும். ஆனா அந்தத் தொட்டில ராத்திரி பகலா வேலை செய்யறது கல்லு மேல வழவழன்னு ஒட்டிக்கிட்டு இருக்கற பாக்டீரியா கூட்டம், அதனால ஜல்லி சைஸ், தண்ணி மட்டம், எத்தனை நாள் தண்ணி உள்ள நிக்கணும்னு நீங்க எடுக்குற ஒவ்வொரு முடிவையும் அதுங்களுக்கு இது ஒத்து வருமான்னு பாத்து எடுத்தா பெட் வருஷக்கணக்கா பிரச்சினை இல்லாம ஓடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கோணத்துலதான், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்காக.

ஒரு சின்ன பின்னணி சொல்லிடறேன். ஜெர்மனில ப்ளோன்ங்கற ஊர்ல மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல இருந்த கேத்தே சைடல் 1950கள்ல கோரை வகைச் செடிகள வச்சு கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ணிப் பாக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் ரைன்ஹோல்ட் கிக்குத் அத வேர்மண்டல முறையா வளர்த்தாரு, 1974ல ஓத்ஃப்ரேசன்ல முழு அளவு பெட் ஓட ஆரம்பிச்சுது. அந்தக் காலத்துல செடிக்குத்தான் பெரிய பங்குன்னு நம்பினாங்க. அப்புறம் அளந்து பாக்கப் பாக்கத்தான் வீட்டுக் கழிவுத்தண்ணி மாதிரி சத்து நிறைஞ்ச தண்ணில செடி நேரடியா உறிஞ்சி எடுக்குற நைட்ரஜன் மொத்தத்துல சின்னப் பங்குதான், மிச்ச வேலை நுண்ணுயிரோடதுன்னு தெளிவாச்சு. நம்ம பக்கத்துல பாக்கணும்னா ஆரோவில், புதுச்சேரி சுத்து வட்டாரத்துல இந்த மாதிரி செடி வச்ச ஜல்லி ஃபில்டர் நிறைய இருக்கு, ஒரு தடவ நேர்ல போய் பாத்துட்டு வந்து ஆரம்பிச்சா பாதி சந்தேகம் தீந்துடும்.

முதல் வேலை: வெளிய வர்ற தண்ணி எங்க போகப் போகுதுன்னு முடிவு பண்ணுங்க

இத முடிவு பண்ணாம குழி தோண்டாதீங்க. தென்னைக்கும் வாழைக்கும் விடப் போறீங்கன்னா தண்ணில நைட்ரஜன் இருக்கறது நல்லது, அது உரம், அத எடுக்க மெனக்கெட வேண்டாம், ஒரே ஒரு படுக்கைவாட்டு பெட் (தண்ணி ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய போறது) போதும். அதே தண்ணி ஒரு குளத்துக்கோ ஏரிக்கோ போகுது இல்ல பக்கத்துல குடிதண்ணிக் கிணறு இருக்குன்னா நைட்ரஜனையும் எடுத்தாகணும், அப்ப ரெண்டு விதமான பாக்டீரியாவுக்கு ரெண்டு விதமான வீடு தேவைப்படும், பெட்டும் ரெண்டாகும். அத கடைசிப் பக்கமா சொல்றேன்.

எப்படி இருந்தாலும் இது குடிக்கற தண்ணி ஆகாது. நோய்க் கிருமி நல்லா குறையும், மலக்கிருமி கணக்கு பத்துல ஒண்ணா, நல்லா ஓடுற பெட்ல நூறுல ஒண்ணா கூட குறையும், ஆனா ஆரம்பத்துல இருக்கறது லட்சக்கணக்குல இருக்கறதால மிச்சமே நிறைய இருக்கும். கொத்தமல்லி, புதினா, வெள்ளரி மாதிரி பச்சையா சாப்பிடறதுக்கு இந்தத் தண்ணிய விடாதீங்க. மரத்தடில பைப் வச்சு மண்ணுக்குள்ள இறங்கற மாதிரி விடுங்க.

கல்லு மேல யாரெல்லாம் இருக்காங்க

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பொறுமையா படிச்சுடுங்க, பின்னாடி வாடை வந்தாலும் அடைப்பு வந்தாலும் காரணம் கண்டுபிடிக்க இதுதான் உதவும்.

தண்ணில இருக்கற அழுக்கு பாக்டீரியாவுக்கு சாப்பாடு. அந்த சாப்பாட்ட எரிச்சு சக்தி எடுக்க அதுக்கு ஆக்சிஜன் மாதிரி ஒண்ணு வேணும். ஆக்சிஜன் இருக்கற இடத்துல அத பயன்படுத்தறவங்க வேகமா வளந்து இடத்தப் பிடிச்சுக்குவாங்க, ஏன்னா அதுல கிடைக்கிற சக்திதான் அதிகம். ஆக்சிஜன் தீந்த இடத்துல நைட்ரேட்ட பயன்படுத்தறவங்க வருவாங்க, அதுவும் தீந்தா இரும்பு, அதுக்கப்புறம் சல்ஃபேட், எல்லாம் தீந்த இடத்துல மீத்தேன் விடற கூட்டம். இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. ஒரே பெட்ல, ஏன் ஒரே ஜல்லி மேல இருக்கற ஒரு மில்லிமீட்டர் கூட தடிமன் இல்லாத வழவழப்புக்குள்ளயே, வெளிப் பக்கம் ஆக்சிஜன் கூட்டமும் உள்பக்கம் ஆக்சிஜன் இல்லாத கூட்டமும் ஒட்டிக்கிட்டு வாழும். இந்த வழவழப்புக்குப் பேருதான் பயோஃபிலிம், பாக்டீரியா தானே சுரக்கற ஒரு பசைக்குள்ள எல்லாரும் சேந்து இருக்கறது.

தண்ணி நுழையற பக்கம் அழுக்கு ரொம்ப அதிகம், ஆக்சிஜன் உடனே காலி ஆயிடும், அதனால அங்க புளிக்க வைக்கற கூட்டமும் சல்ஃபேட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்தற டீசல்ஃபோவிப்ரியோ மாதிரி கூட்டமும் மீத்தேன் கூட்டமும்தான் அதிகம். அழுகின முட்டை வாடை அந்த சல்ஃபைடோடது, கல்லு கறுப்பா ஆகறது சல்ஃபைடு இரும்போட சேர்றதால. வெளிய போற பக்கம் அழுக்கு குறைஞ்சிருக்கும், வேர் ஓரத்துல கொஞ்சம் ஆக்சிஜன் கசியும், ஏன்னா இந்த சதுப்புச் செடிகள் தண்டு வழியா காத்த வேருக்கு இறக்கும், அதுல கொஞ்சம் வேர்த் தோல் வழியா வெளிய வரும். அந்த மெல்லிசான வளையத்துல அம்மோனியாவ நைட்ரைட் ஆக்கற நைட்ரோசோமோனாஸ், அத நைட்ரேட் ஆக்கற நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா எல்லாம் குடியிருக்கும்.

இந்த இடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அம்மோனியால இருந்து நைட்ரேட் வரைக்கும் ரெண்டு தனித்தனி கூட்டம் ரெண்டு கட்டமா செய்யறதுன்னு 1890கள் வாக்குல வினோகிராட்ஸ்கி கண்டுபிடிச்சதுல இருந்து நூறு வருஷத்துக்கு மேல எல்லா பாடப்புத்தகத்துலயும் அப்படியேதான் இருந்துச்சு, 2015லதான் நைட்ரோஸ்பைரால சில வகை ரெண்டு கட்டத்தையும் ஒரே ஆளா செய்யுதுன்னு வியன்னாவுலயும் நெதர்லாந்துலயும் இருந்த ரெண்டு குழு ஒரே நேரத்துல வெளியிட்டாங்க. அதுக்கு கோமமாக்ஸ்னு பேரு. காலுக்கடியில இருக்கற ஜல்லித் தொட்டில என்ன நடக்குதுங்கறது நமக்கே இப்பதான் புரிய ஆரம்பிச்சிருக்கு.

இவங்க எல்லாருக்கும் மேல ஒரு அடுக்கு இருக்கு, பாக்டீரியாவ சாப்பிடற ஒருசெல் உயிரிகள். ஃபோல்ட்ஸ்கோப்னு காகித மைக்ரோஸ்கோப் கிடைக்குது, சுமார் 140 மடங்கு பெருசா காட்டும், ஸ்கூல் பசங்க கிட்ட கூட இருக்கு. வெளிய போற பக்கத்து கல்லுல இருந்து கொஞ்சம் வழவழப்ப சுரண்டி ஒரு சொட்டு தண்ணில வச்சுப் பாருங்க, நீளமான காம்பு நுனில மணி வடிவத்துல வார்ட்டிசெல்லா நிக்கும், லேசா ஸ்லைட தட்டினா காம்பு சட்டுனு சுருண்டு இழுத்துக்கும், ரெண்டு மூணு நொடில மெதுவா நிமிர்ந்து மறுபடி வாய் ஓரத்து முடிய சுழட்டி பாக்டீரியாவ இழுக்கும். தண்ணி கலங்கல் இல்லாம தெளிவா வர்றதுக்கும் மலக்கிருமி குறையறதுக்கும் இவங்க பங்கு பெருசு. இவங்க நிறைய தெரிஞ்சா ஆக்சிஜன் இருக்கு, விஷம் எதுவும் கலக்கலன்னு தைரியமா சொல்லலாம்.

அளவு போடறது

அஞ்சு பேர் இருக்கற வீட்டுக்கு கணக்கு போட்டுக் காட்டறேன். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கக் கையேட்டுல வச்சிருக்காங்க, அதுல 80 சதவீதம் கழிவா வரும்னு எடுத்தா 5 பேருக்கு 540 லிட்டர். அழுக்க சாப்பிட பாக்டீரியாவுக்கு நம்ம ஊரு வெயில்ல 4 நாள் கொடுத்தா நல்லது, அப்ப 2160 லிட்டர் தண்ணி எப்பவும் உள்ள நிக்கணும். ஜல்லிக்கு நடுவுல இருக்கற காலி இடம் 40 சதவீதம்னு வச்சா தண்ணில முங்கின ஜல்லி 5.4 கன மீட்டர். தண்ணி ஆழம் அரை மீட்டர்னா பரப்பு 10.8 சதுர மீட்டர், அதாவது 6 மீட்டர் நீளம் 1.8 மீட்டர் அகலம்.

சரி பாக்கறதுக்கு இன்னொரு கணக்கு. செப்டிக் டேங்க் தாண்டி வர்ற தண்ணில பிஓடி (அழுக்க சாப்பிட பாக்டீரியாவுக்குத் தேவைப்படற ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 150 மில்லிகிராம்னு வச்சுக்குவோம், நாளைக்கு 81 கிராம், அத 10.8ஆல வகுத்தா சதுர மீட்டருக்கு 7.5 கிராம். இது 10 கிராமுக்குள்ள இருக்கறது பாதுகாப்பு. அதுக்கு மேல போச்சுன்னா பாக்டீரியா சாப்பிட்டு வளர்ற வேகத்துல ஜல்லி சந்து அடைச்சுக்கும். இடம் இல்லன்னு பாதி சைஸ்ல போடச் சொல்லி கேக்கறவங்க நிறைய, அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, இடம் இல்லன்னா குளிக்கற தண்ணி துவைக்கற தண்ணிய மட்டும் இதுல விட்டுட்டு கக்கூஸ் தண்ணிய வேற வழி பாக்கறது மேல்.

முடிஞ்சா அந்த பரப்ப ரெண்டா பிரிச்சு பக்கத்து பக்கத்துல ரெண்டு பெட்டா போடுங்க. ஏன்னு அடைப்பு பத்தி சொல்லும்போது புரியும்.

தொட்டியும் ஜல்லியும்

செங்கல் இல்ல ஹாலோ பிளாக் கட்டி உள்பக்கம் பூசிடலாம், இல்ல குழி தோண்டி கெட்டியான ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாம். ஷீட்டுன்னா அடியில ரெண்டு இஞ்ச் மணல் போடுங்க, கூர்க்கல்லு குத்தாம இருக்கும். அடித்தளம் தண்ணி நுழையற பக்கத்துல இருந்து வெளிய போற பக்கத்துக்கு லேசா சாயணும், 6 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் போதும். ஆனா ஜல்லியோட மேல்பரப்பு சமமா இருக்கணும், டியூப்ல தண்ணி விட்டு மட்டம் பாருங்க, கண் அளவு நம்பாதீங்க. சுவர் ஜல்லிய விட 15 சென்டிமீட்டர் உயரமா இருக்கட்டும், ஐப்பசி கார்த்திகை அடைமழைல வெளித்தண்ணி உள்ள வந்துடுச்சுன்னா பாக்டீரியாவுக்கு கொடுத்த அந்த 4 நாள் ஒரு நாளா சுருங்கிடும்.

ஜல்லி உயரம் 60 சென்டிமீட்டர், தண்ணி 50 சென்டிமீட்டர். மேல 10 சென்டிமீட்டர் காஞ்சே இருக்கணும், அப்பதான் கொசு முட்டை போட தண்ணி கிடைக்காது, வாடையும் மேல வராது. பஞ்சாயத்துல இருந்து வந்து கேட்டாங்கன்னா இத காட்டுங்க, தண்ணி கண்ணுக்கே தெரியாது.

நுழையற பக்கமும் வெளிய போற பக்கமும் அரை மீட்டர் அகலத்துக்கு 40 எம்எம் ஜல்லி, தண்ணி அகலம் முழுக்க பரவறதுக்கு. நடுவுல முழுக்க 20 எம்எம், அதான் முக்கால் ஜல்லி. ஏன் நடுவுலயும் பெரிய கல்லு போடக்கூடாதுன்னா, பாக்டீரியாவுக்கு வேணும்னது கல்லோட மேல்பரப்பு. 20 எம்எம் கல்ல உருண்டைனு வச்சு கணக்கு போட்டா ஒரு கன மீட்டர் ஜல்லில சுமார் 180 சதுர மீட்டர் பரப்பு இருக்கு. நம்ம 5.4 கன மீட்டருக்கு 970 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் 24 சென்ட். கால் சென்டுக்குக் கொஞ்சம்தான் மேல இருக்கற ஒரு தொட்டிக்குள்ள 24 சென்ட் நிலம் மடிச்சு வச்சிருக்கீங்க. 40 எம்எம் போட்டா அது 12 சென்டா குறைஞ்சுடும். அப்ப 6 எம்எம் சிப்ஸ் போட்டா இன்னும் நிறைய கிடைக்குமேன்னு தோணும், பரப்பு கிடைக்கும்தான், ஆனா சந்து சின்னதா ஆகி சீக்கிரம் அடைக்கும். படுக்கைவாட்டு பெட்டுக்கு முக்கால் ஜல்லிதான் நடுநிலை.

ஜல்லிய கழுவிப் போடுங்க. இத எத்தனை தடவ சொன்னாலும் பத்தாது. கிரஷர்ல இருந்து வர்ற ஜல்லி முழுக்க தூள் ஒட்டி இருக்கும், லோடு இறக்குனவங்க அப்படியே கொட்டிட்டுப் போயிடுவாங்க, அந்தத் தூள் அடியில போய் களிமண் மாதிரி உக்காந்து தண்ணி ஓடற பாதைய அடைச்சுடும். ஒரு சல்லடைல போட்டு ஹோஸ் அடிச்சு தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவணும், ஒரு முழு நாள் வேலை, ஆள் வச்சாவது செய்ங்க.

வெளிய போற பைப்ப தொட்டி அடியில இருந்து எடுத்து பக்கத்துல ஒரு சின்ன சேம்பருக்குள்ள கொண்டு வந்து ஒரு எல்போ (வளைஞ்ச பைப் துண்டு) மாட்டுங்க, பசை போட்டு ஒட்டாதீங்க. அந்த எல்போவ சாய்ச்சா பெட்டுக்குள்ள தண்ணி மட்டம் இறங்கும், நிமிர்த்தினா ஏறும். நுண்ணுயிரோட பேசறதுக்கு உங்க கைல இருக்கற ஒரே ஸ்டியரிங் இதுதான்.

கடைசியா மூணு இடத்துல, நுழையற பக்கம், நடு, வெளிய போற பக்கம், சுத்தி ஓட்டை போட்ட 4 இஞ்ச் பிவிசி பைப்ப செங்குத்தா நட்டு வைங்க, மேல மூடி. வெங்காயம் வர்ற வலைப்பைல அதே முக்கால் ஜல்லிய ரெண்டு கை போட்டு நைலான் கயித்துல கட்டி ஒவ்வொரு பைப்புக்குள்ளயும் இறக்கிடுங்க. செலவு ஒண்ணும் இல்ல, ஆனா இது இல்லன்னா உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க பெட்டத் தோண்டணும்.

முன்னாடி நிக்கற காவல்

செப்டிக் டேங்க் சரியா இல்லன்னா பெட்ட மறந்துடுங்க. ரெண்டு மூணு அறை இருக்கணும், கசடு அங்கேயே தங்கணும். கிச்சன் தண்ணிக்கு தனியா ஒரு எண்ணெய்ப் பொறி வைங்க, நம்ம சமையல்ல எண்ணெய் அதிகம், அது கல்லு மேல படலமா படிஞ்சா பயோஃபிலிமுக்கு எதுவும் போய்ச் சேராது.

குடியேத்தறது

செடி நட்டு மொதல்ல நல்ல தண்ணி விடுங்க, கல்லுக்கு மேல்மட்டம் வரைக்கும். சதுர மீட்டருக்கு 4 செடி போதும். கல்வாழைக் கிழங்கு சும்மா கேட்டாலே யாராவது தருவாங்க. ரெண்டு மூணு வாரத்துல புதுக்குருத்து விட்டதும் செப்டிக் தண்ணிய கால் பங்கு விடுங்க, மிச்சத்த பழைய வழில திருப்பி விடணும், அடுத்தடுத்த வாரங்கள்ல பாதி, முக்கால், முழுசுன்னு ஏத்துங்க. வேர் ஓரளவு பிடிச்சதும் எல்போவ சாய்ச்சு தண்ணி மட்டத்த கொஞ்சம் கொஞ்சமா இறக்கினா வேர் தண்ணியத் தேடி கீழ போகும், கீழ வரைக்கும் வேர் போனாத்தான் அடியில இருக்கற கூட்டத்துக்கும் கொஞ்சம் ஆக்சிஜன். அப்புறம் 50 சென்டிமீட்டருக்கு ஏத்தி வச்சுடுங்க.

பாக்டீரியா எங்க இருந்து வரும்னு கேட்டா, செப்டிக் தண்ணிலயே ஒவ்வொரு மில்லிலயும் லட்சக்கணக்குல வருது. கல்ச்சர் பவுடர் பாக்கெட் வாங்க வேண்டாம், சாணி கரைச்சு ஊத்த வேண்டாம், சாணில இருக்கறது மாட்டு வயித்துல வாழற கூட்டம், அது இங்க நிலைக்காது, கூடவே அழுக்கையும் ஏத்தி விடும். ஆனா ஏற்கனவே நல்லா ஓடற ஒரு பெட்டோட வெளிய போற பக்கத்துல இருந்து ஒரு பக்கெட் ஈர ஜல்லி கிடைச்சுதுன்னா கெஞ்சியாவது வாங்கிட்டு வாங்க, காய விடாம ஈரச்சாக்கு போட்டு அன்னைக்கே கொண்டு வந்து உங்க பெட்ல நடுவுக்கு அப்புறம் பரப்பி விடுங்க. அதுல அம்மோனியாவ நைட்ரேட் ஆக்கற கூட்டம் (இனிமே நைட்ரேட் கூட்டம்னு சொல்றது இவங்களத்தான்) இருக்கும். அழுக்கு சாப்பிடற சாதாரண பாக்டீரியா நல்ல சாப்பாடு கிடைச்சா அரை மணி ஒரு மணில ரெண்டாகும், நைட்ரேட் கூட்டம் ரெண்டாக அரை நாள் ஒரு நாள் ஆகும். அதனாலதான் புது பெட்ல சில வாரத்துலயே தண்ணி தெளிஞ்சு வாடை குறைஞ்சுடும், அம்மோனியா மட்டும் மாசக்கணக்கா குறையாது. இது கோளாறு இல்ல, காத்திருங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கறது

மாசம் ஒரு தடவ மூணு வலைப்பையையும் கைல கிளவுஸ் போட்டுட்டு தூக்கிப் பாருங்க. நுழையற பக்கத்து கல்லு கறுப்பா, தடிமனா, முட்டை வாடையோட இருக்கும், அது சரி. நடுவுல சாம்பல் கலந்த பழுப்பு. வெளிய போற பக்கம் மெல்லிசான பழுப்பு படலம், மோந்து பாத்தா மழை பெஞ்ச மண்ணு வாடைதான் வரணும். கறுப்பு நடு தாண்டி கடைசி பை வரைக்கும் வந்துடுச்சுன்னா லோடு, அதாவது உள்ள வர்ற அழுக்கு, அதிகம்னு அர்த்தம், செப்டிக் டேங்க்ல கசடு நிரம்பிடுச்சான்னு முதல்ல பாருங்க.

வெளிய வர்ற தண்ணிய ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு பின்னாடி தினத்தாள் வச்சா எழுத்து படிக்க வரணும். மீன்தொட்டி கடைல அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் பாக்கற கிட் விக்கறாங்க, அது போதும்.

நைட்ரேட் கூட்டம் வந்துடுச்சான்னு தெரிஞ்சுக்க ஒரு எளிய சோதனை. கடைசி வலைப்பையில இருந்து ரெண்டு கை கல்ல ஊறுகாய் பாட்டில்ல போட்டு பெட்ல இருந்து வெளிய வர்ற தண்ணிய அது மூழ்கற அளவு ஊத்துங்க, மீன்தொட்டி காத்து மோட்டார்ல குமிழி விடுங்க, ஆரம்பத்துலயும் ஒரு நாள் கழிச்சும் கிட்ல பாருங்க. பக்கத்துலயே புது ஜல்லி போட்டு இன்னொரு பாட்டில். முதல் பாட்டில்ல அம்மோனியா இறங்கி நைட்ரைட்டோ நைட்ரேட்டோ ஏறி, ரெண்டாவதுல பெருசா மாறலன்னா கூட்டம் கல்லுல குடியேறிடுச்சு. பாட்டில்ல நடக்குது ஆனா பெட்ல நடக்கலன்னா ஆள் இருக்காங்க, ஆக்சிஜன்தான் இல்ல. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா இதுக்கு மேல பாக்டீரியா வாங்கி ஊத்தி ஒரு பிரயோஜனமும் கிடையாது.

நைட்ரஜனையும் எடுத்தாகணும்னா

ஆக்சிஜன் ஏன் பத்தாதுன்னு கணக்கு பாருங்க. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன நைட்ரேட் ஆக்க 4.57 கிராம் ஆக்சிஜன் வேணும். செப்டிக் தண்ணில லிட்டருக்கு 50 மில்லிகிராம்னா 540 லிட்டருக்கு 27 கிராம், ஆக்சிஜன் 123 கிராம் ஒரு நாளைக்கு. அழுக்க எரிக்கத் தேவைப்படறது தனி. எப்பவும் தண்ணி நிரம்பி நிக்கற பெட்டுக்குள்ள அவ்வளவு ஆக்சிஜன் இறங்காது, செடி எவ்வளவு செழிப்பா இருந்தாலும் சரி.

அதனால ரெண்டாவது பெட் செங்குத்து பெட். இதுல தண்ணி நிக்காது. மேல இருந்து நாளைக்கு சில தடவ மொத்தமா கொட்டணும், கீழ வடிஞ்சு போகணும், வடியும்போது பின்னாடியே காத்த உள்ள இழுத்துக்கும். சின்ன மோட்டாரும் டைமரும் வைக்கலாம், இல்ல கரண்ட் இல்லாம சைஃபன் வச்சு செய்யலாம், தொட்டி நிரம்பினதும் தானா மொத்தமா இறங்கும். நேபாளத்துல துலிக்கேல் ஆஸ்பத்திரில 1997ல இருந்து இந்த மாதிரி முதல்ல படுக்கைவாட்டு பெட், அடுத்தது செங்குத்து பெட்டுன்னு வச்சிருக்காங்க. அஞ்சு பேர் வீட்டுக்கு 5, 6 சதுர மீட்டர், மேல கொரகொர மணலோ சிப்ஸோ அரை மீட்டர், அடில பெரிய ஜல்லியும் வடிகால் பைப்பும். எம் சாண்ட் போடறதா இருந்தா தூள் சுத்தமா கழுவினது. இந்த பெட்ல மேல 10, 20 சென்டிமீட்டர்லதான் பெரும்பாலான கூட்டம் இருக்கும், அதனால மேல ஏறி நடக்காதீங்க, மிதிச்சு இறுக்கினா காத்து போகாது.

இன்னொரு விஷயம், இந்த வேலைல தண்ணியோட காரத்தன்மை கரையும், ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 7 கிராமுக்கு மேல சுண்ணாம்புக்கல் (கால்சியம் கார்பனேட்) கணக்குல. உப்பு போர் தண்ணி இருக்கற ஊர்ல பெரும்பாலும் கவலை இல்ல. மழைத்தண்ணிய மட்டும் நம்பி இருக்கற வீட்டுல பிஹெச் ஆறரைக்குக் கீழ இறங்குதான்னு பாருங்க, இறங்கினா நைட்ரேட் கூட்டம் மந்தமாயிடும், கொஞ்சம் சுண்ணாம்புக்கல் ஜல்லி கலந்து விட்டா சரியாகும்.

செங்குத்து பெட்ல இருந்து வர்றது நைட்ரேட். அத நைட்ரஜன் காத்தா ஆக்கி விட ஆக்சிஜன் இல்லாத இடமும் சாப்பாடும் வேணும், பாராகாக்கஸ், சூடோமோனாஸ் மாதிரி கூட்டத்தோட வேலை அது. சாப்பாடு எங்க இருக்கு? செப்டிக் டேங்க்ல நிறைய இருக்கு. அதனால வெளிய வர்ற தண்ணில பாதிய செப்டிக் டேங்கோட கடைசி அறைக்கோ முதல் பெட்டோட வாய்க்கோ திருப்பி விட்டா அங்க நைட்ரேட் காணாம போகும், போற போக்குல முட்டை வாடையும் குறையும், ஏன்னா நைட்ரேட் இருக்கற வரைக்கும் சல்ஃபேட் கூட்டத்துக்கு முறை வராது. முன்னாடி சொன்ன வரிசை இங்க நமக்கு வேலை செஞ்சு கொடுக்குது.

எது அவங்கள கொல்லும்

கக்கூஸ் கழுவற ஆசிட், பிளீச்சிங் பவுடர், ஃபினாயில். தினசரி கொஞ்சமா உபயோகிக்கறத செப்டிக் டேங்க் தாங்கிக்கும். பண்டிகைக்கு முன்னாடி மொத்தமா ரெண்டு பக்கெட் ஆசிட் ஊத்தி கழுவறதுதான் ஆபத்து. முதல்ல சாகறது நைட்ரேட் கூட்டம், திரும்ப வர வாரக்கணக்கு ஆகும். காலாவதியான ஆன்டிபயாடிக் மாத்திரைய கக்கூஸ்ல போடாதீங்க, பெயின்ட் பிரஷ் கழுவின தின்னர ஊத்தாதீங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கும் இத பொறுமையா காரணத்தோட சொல்லி வைங்க, காரணம் தெரிஞ்சா எல்லாரும் பாத்துக்குவாங்க.

ஊருக்குப் போயிட்டா பட்டினி பெரிய பிரச்சினை இல்ல, ஈரம் இருந்தா சில வாரம் தாங்குவாங்க. காய விடாதீங்க. சித்திரை வைகாசில ஒரு நாளைக்கு 8 மில்லிமீட்டர் ஆவியாச்சுன்னா 10.8 சதுர மீட்டர்ல 86 லிட்டர் போகும், வீட்டுல யாரும் இல்லன்னா மூணு நாலு வாரத்துல தொட்டி காஞ்சுடும், பக்கத்து வீட்டுல சொல்லி தண்ணி விடச் சொல்லிட்டுப் போங்க.

அடைப்பு

சில வருஷத்துல நுழையற பக்கம் தண்ணி ஜல்லிக்கு மேல தெரிய ஆரம்பிக்கும். பயோஃபிலிம் தடிச்சு, கசடு சேந்து, வேர் நெருங்கி சந்து அடைஞ்சிருக்கும். உடனே ஜல்லிய அள்ளி மாத்த ஓடாதீங்க. ரெண்டு பெட்டா போட்டிருந்தா அடைச்சத மூடி எல்போவ முழுசா சாய்ச்சு தண்ணிய வடிச்சு ஒண்ணு ரெண்டு வாரம் ஓய்வு விடுங்க, முழு லோடையும் மத்த பெட் அந்த கொஞ்ச நாள் தாங்கும். காத்து பட்டதும் சாப்பாடு இல்லாத பாக்டீரியா தன்னோட பசையையும் செத்த கூட்டாளிகளையுமே சாப்பிட ஆரம்பிக்கும், வழவழப்பு சுருங்கி சந்து திறக்கும். பிரான்ஸ்ல கிராமங்கள்ல ஆயிரக்கணக்குல இருக்கற செங்குத்து பெட் எல்லாமே இந்த ஓய்வ நம்பித்தான் ஓடுது, மூணு பெட்ல ஒண்ணுக்கு மூணு நாலு நாள் தண்ணி, அப்புறம் ஒரு வாரம் ஓய்வு. ஓய்வு கொடுத்தும் தேறலன்னா மட்டும் முதல் ஒரு மீட்டர் ஜல்லிய எடுத்துக் கழுவிப் போடுங்க, மிச்சத்தத் தொடாதீங்க, அங்க இருக்கற கூட்டம்தான் புது கல்லுல மறுபடி குடியேறணும்.

காஞ்ச இலைய பெட் மேலயே விட்டுடாதீங்க, அழுகி அதுவும் லோடு ஆகும். வெட்டி எடுத்து மூடாக்கா மரத்துக்குப் போடுங்க.

காலேஜ் புராஜெக்ட்டா பண்றவங்களுக்கு

டிஎன்ஏ எடுத்து 16எஸ் (எந்த பாக்டீரியான்னு அடையாளம் காட்டற மரபணு) பாக்கறதா இருந்தா வெளிய வர்ற தண்ணிய மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, அதுல இருக்கறது பிஞ்சு வந்தவங்க. மூணு வலைப்பையில இருந்தும் கல்லும், முடிஞ்சா வேரும் தனித்தனியா எடுங்க, ஐஸ் பெட்டில வைங்க, அதே நேரத்துல அதே இடத்து அம்மோனியா, நைட்ரேட், பிஹெச், ஆக்சிஜன், வெப்பநிலை எழுதிக்கோங்க, இது இல்லாத பாக்டீரியா லிஸ்ட்ட வச்சுக்கிட்டு ஒண்ணும் புரிஞ்சுக்க முடியாது. டிஎன்ஏ செத்தவங்களோடதும் சேந்து வரும், யாரு இருக்காங்கன்னு சொல்லும், யாரு வேலை செய்யறாங்கன்னு சொல்லாது, அதுக்கு ஊறுகாய் பாட்டில் சோதனைய கூடவே வைங்க.

செப்டிக் டேங்க் கசடு

ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ லாரி வரச் சொல்லி உறிஞ்சணும், கசடு நிரம்பி பெட்டுக்குள்ள வர்ற வரைக்கும் விட்டா மேல சொன்ன எதுவும் காப்பாத்தாது. உறிஞ்சும்போது அடில கொஞ்சம் விட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க, அதுல இருக்கற கூட்டம் திரும்ப வேலைய ஆரம்பிக்கும். யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் டேங்க்குக்குள்ள இறங்க விடாதீங்க, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமா இருக்கும்போது மூக்குக்கு வாடையே தெரியாது, ஒரு மூச்சுல ஆள் விழுந்துடுவாங்க, காப்பாத்த இறங்கறவங்களும் சேந்து போயிடுவாங்க, சட்டப்படியும் குத்தம். மூடி திறந்து லாரி குழாயால மட்டும்தான் வேலை. முடிஞ்சதும் டேங்க்க தண்ணி ஊத்தி நிரப்பி விட்டு, அடுத்த மாசம் வலைப்பை தூக்கும்போது முதல் பையோட கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கான்னு பாத்து நோட்டுல எழுதி வைங்க.